பயாப்சியில் 3+4, ஆபரேஷனுக்குப் பிறகு 4+3: அப்பாவுக்கு மறுபடி வருமா?

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்காக எழுதுகிறேன். வயது 66, கும்பகோணம் பக்கம் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து பாத்ரூம் போகிறாரே என்று காட்டப் போன இடத்தில் பிஎஸ்ஏ (புரோஸ்டேட் செல்கள் ரத்தத்தில் விடும் புரதத்தின் அளவு) 11.4 என்று வந்தது, அங்கிருந்து எம்ஆர்ஐ, பயாப்சி என்று ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டே போய், புற்றுநோய் என்று தெரிந்து, இரண்டு மாதத்துக்கு முன்னால் புரோஸ்டேட் சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டார்கள்.

பயாப்சி ரிப்போர்ட்டில், புற்று எவ்வளவு தீவிரம் என்று சொல்லும் க்ளீசன் ஸ்கோர் 3+4=7, கிரேடு குரூப் 2 என்று இருந்தது. நடுத்தரம்தான், பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். ஆனால் எடுத்த சுரப்பியைப் பரிசோதித்து வந்த கடைசி ரிப்போர்ட்டில் 4+3=7, கிரேடு குரூப் 3, அதோடு "மூன்றாவதாக 5ஆம் அமைப்பு, மிகக் குறைந்த அளவில்" என்று ஒரு வரி. சுரப்பியின் உறைக்கு வெளியே ஓரிடத்தில் பரவியிருக்கிறது, அதற்கான குறியீடு பிடி3ஏ. வெட்டிய ஓரத்தில் புற்று இல்லை, விந்துப்பையில் இல்லை, எடுத்த 14 நெறிகளிலும் (நிணநீர் முடிச்சுகள்) இல்லை. ஆறு வாரம் கழித்து எடுத்த பிஎஸ்ஏ 0.03.

டாக்டரிடம் எங்களுக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம். "பிஎஸ்ஏ நன்றாக இருக்கிறது, மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து நிதானமாகப் படித்தபோதுதான் எண் மாறியிருப்பதே கண்ணில் பட்டது. அப்பாவிடம் காட்டினேன். "3+4ம் 4+3ம் ஒன்றுதானே அம்மா, இடம் மாற்றிக் கூட்டினால் விடை மாறுமா" என்று கேட்டார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து அவரும் சரியாகத் தூங்குவதில்லை, நானும் தூங்குவதில்லை.

இரண்டும் 7தான் என்றால் எதற்குக் குரூப் மாறுகிறது? பயாப்சி தப்பா? இந்த எண்ணை வைத்து மறுபடி வருமா வராதா என்று உண்மையிலேயே சொல்ல முடியுமா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள், எவ்வளவு நீளமாக இருந்தாலும் படிக்கிறேன்.


நுண்ணோக்கி எழுதியது:

சகோதரி, நான் கோயம்புத்தூரில் பேத்தாலஜிஸ்ட், எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்து நோயைச் சொல்லும் டாக்டர். இந்த மாதிரி ரிப்போர்ட் எழுதுவதுதான் என் தினப்படி வேலை, அதனால் நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஸ்லைடைப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் கேள்வி நியாயமான கேள்வி. கூட்டல் குறி போட்டிருப்பதால் எல்லோரும் விடையைத்தான் பார்க்கிறார்கள், ஆனால் இங்கே இடம்தான் முக்கியம். முதலில் எழுதுவது கட்டியில் அதிகமாக இருக்கும் அமைப்பு, இரண்டாவது அதற்கு அடுத்தபடியாக இருப்பது. 3+4 என்றால் பெரும்பகுதி 3, மீதி 4. 4+3 என்றால் பாதிக்கு மேல் 4. அவருக்குக் கணக்கிலேயே சொல்வதானால், வரிசை மாறினால் மதிப்பு மாறும் 34க்கும் 43க்கும் உள்ள உறவு மாதிரி என்று சொல்லுங்கள், டக்கென்று பிடித்துக்கொள்வார்.

அந்த 3, 4, 5 எங்கிருந்து வந்தது என்றால், அமெரிக்காவில் மின்னியாபொலிஸ் நகரத்தில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் டொனால்ட் க்ளீசன் என்று ஒரு பேத்தாலஜிஸ்ட் இருந்தார். 1966இல் அவர் இதை வெளியிட்டார். அவர் செய்தது பார்க்க எளிமையானது. ஒவ்வொரு செல்லின் முகத்தையும் உற்றுப் பார்க்காமல், குறைந்த உருப்பெருக்கத்தில் வைத்துக்கொண்டு சுரப்பிகள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று மட்டும் பார்த்து ஐந்து வகையாகப் படம் வரைந்தார். அப்புறம் அந்த நோயாளிகளுக்குப் பிற்பாடு என்ன ஆனது என்று ஒப்பிட்டார்கள். ஒரே ஆளிடம் இரண்டு அமைப்பு கலந்திருந்தால் அவருடைய நிலைமை இரண்டுக்கும் நடுவில் போய் நின்றது, அதனால்தான் இரண்டையும் சேர்த்து எழுதும் வழக்கம் வந்தது. 60 வருடம் ஆகிறது, எத்தனையோ புதிய சோதனைகள் வந்தும் இந்தப் படம் இன்னும் நிற்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் மரியாதை உள்ள விஷயங்களில் இது ஒன்று.

இப்போது 1, 2 என்று யாரும் எழுதுவதில்லை. 3ஆம் அமைப்பில் சுரப்பிகள் சிறியவையாக, ஒழுங்கில்லாமல் இருந்தாலும் ஒவ்வொன்றும் தனித்தனியாக, வட்டம் மூடி நிற்கும். 4இல் அவை ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும், சரியாக வட்டமே கட்டாது, அல்லது ஒரு பெரிய கூட்டத்துக்குள் சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாகத் தெரியும். 5இல் சுரப்பி என்ற உருவமே போய்விடும், செல்கள் தனியாகவோ வரிசையாகவோ திட்டுத்திட்டாகவோ கிடக்கும். அதாவது அந்தச் செல்கள் தாங்கள் ஒரு சுரப்பி என்பதை எந்த அளவுக்கு மறந்துவிட்டன என்பதைத்தான் இந்த எண் அளக்கிறது. மறக்க மறக்க வெளியே போய் வேறிடத்தில் குடியேறும் தெம்பு வருகிறது. ஆபரேஷனுக்கு முன்பே கண்ணுக்கோ ஸ்கேனுக்கோ தெரியாத நாலு செல் வெளியே போயிருக்குமா என்பதுதானே மறுபடி வருமா என்ற கேள்வி? அதற்கு மறைமுகமாகப் பதில் சொல்வது இந்த அமைப்பு. முழுச் சுரப்பியையும் பார்த்து அதில் வெறும் 3 மட்டுமே இருந்தால் நெறிக்குப் பரவுவது ஏறக்குறைய கிடையாது. 4 அதிகமாக அதிகமாக அந்தச் சந்தேகமும் கூடுகிறது.

பயாப்சி தப்பில்லை. பயாப்சியில் சேமியா இழை மாதிரி மெல்லிசாக 12 துண்டு எடுப்பார்கள், எடுத்த இடத்தில் என்ன இருக்கிறதோ அதைத்தான் எங்களால் சொல்ல முடியும். முழுச் சுரப்பி கைக்கு வந்த பிறகு அதைத் தட்டுத்தட்டாக வெட்டி எல்லாவற்றையும் பார்க்கிறோம். அப்போது எண் ஏறுவதும் உண்டு, சிலருக்கு இறங்குவதும் உண்டு, இது தினமும் நடப்பது. மறுபடி வருமா என்று கணிக்க இனி கடைசி ரிப்போர்ட்டில் உள்ள எண்ணைத்தான் எடுக்க வேண்டும், பயாப்சி எண்ணை விட்டுவிடுங்கள்.

கிரேடு குரூப் ஏன் வந்தது என்றும் கேட்டிருந்தீர்கள். பழைய முறையில் நடைமுறையில் கிடைக்கும் மிகக் குறைந்த ஸ்கோரே 6. பத்துக்கு ஆறு என்று கேட்டதும் நோயாளி கலங்கிவிடுவார், பாதிக்கு மேலே போய்விட்டதே என்று. இன்னொரு பக்கம் 3+4, 4+3 இரண்டையும் 7 என்று ஒரே மூட்டையில் கட்டி வைத்திருந்தார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலிருந்து 2013இல் ஐந்து குரூப்பாகப் பிரிக்கும் யோசனை வந்தது, 2014இல் சிகாகோவில் கூடிய பேத்தாலஜிஸ்டுகள் ஏற்றார்கள், 2016இல் உலக சுகாதார நிறுவனமும் எடுத்துக்கொண்டது. 6 வரை குரூப் 1, 3+4 குரூப் 2, 4+3 குரூப் 3, மொத்தம் 8 வந்தால் குரூப் 4, 9ம் 10ம் குரூப் 5.

இந்தப் பிரிப்பு சரியா என்று பார்க்க ஐந்து மருத்துவமனைகளில் 2005 முதல் 2014 வரை ஆபரேஷன் செய்துகொண்ட 20,845 பேரின் விவரத்தை எடுத்துப் பார்த்தார்கள். எடுத்த சுரப்பியில் பார்த்த கிரேடு குரூப்பை வைத்துப் பார்த்தால், ஐந்து வருடத்தில் பிஎஸ்ஏ மறுபடி ஏறாமல் இருந்தவர்கள் குரூப் 1இல் 96 சதவீதம், 2இல் 88, 3இல் 63, 4இல் 48, 5இல் 26. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் எவ்வளவு பெரிய பள்ளம் என்று பாருங்கள். இரண்டையும் 7 என்று ஒன்றாக வைத்திருந்த காலத்தில் அந்தப் பள்ளம் கண்ணுக்கே தெரியாமல் கிடந்தது.

63 என்றதும் பதற வேண்டாம். அந்த 63இல் வெட்டிய ஓரத்தில் புற்று இருந்தவர்கள், விந்துப்பைக்குள் போனவர்கள் எல்லோரும் கலந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு ஓரம் சுத்தம், விந்துப்பை சுத்தம், நெறியும் சுத்தம். இவை அவர் பக்கம் நிற்பவை. பிடி3ஏ, பிஎஸ்ஏ 11, அந்த மூன்றாவது 5, இவை எதிர்ப்பக்கம். பயாப்சியில் 5 கொஞ்சம் தெரிந்தாலும் ஸ்கோரிலேயே சேர்த்துவிடுவோம், முழுச் சுரப்பியில் 5 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் தனி வரியாக எழுதுவோம், உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது அதுதான். அது இல்லாத 4+3ஐவிட இருக்கும் 4+3க்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது ஒன்றுதான். மருத்துவமனையில் பாரஃபின் பிளாக்கையும் (மெழுகில் பதித்து வைத்த திசு) ஸ்லைடையும் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கி, புரோஸ்டேட் அதிகமாகப் பார்க்கும் இன்னொரு பேத்தாலஜிஸ்டிடம் கொடுப்பேன். 3ஆ 4ஆ, 4ஆ 5ஆ என்ற எல்லைக்கோட்டில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு வருவது சகஜம், இதில் மானப் பிரச்சினை எதுவும் கிடையாது. கொடுக்கும்போது இரண்டு கேள்வி சேர்த்துக் கேளுங்கள்: 4ஆம் அமைப்பு எத்தனை சதவீதம், சல்லடை அமைப்பு இருக்கிறதா. 4+3இலேயே 55 சதவீதம் 4 இருப்பவரும் 90 சதவீதம் இருப்பவரும் ஒரே நிலைமையில் இல்லை. சல்லடை இருந்தால் நடத்தை கொஞ்சம் கெட்டது என்று இப்போது தெரிந்திருப்பதால், அதை ரிப்போர்ட்டில் குறிப்பிடச் சொல்லி 2019இலிருந்து வலியுறுத்துகிறார்கள். இன்னும் நிறைய ரிப்போர்ட்டில் அது வருவதில்லை, அது எங்கள் துறையின் குறை என்றுதான் சொல்வேன்.

ஒன்று கேட்க மறந்தேன். ஆபரேஷனுக்கு முன்னால் ஹார்மோன் ஊசி எதுவும் போட்டார்களா? போட்டிருந்தால் சுரப்பிகள் சுருங்கி உருவம் மாறிவிடும், கிரேடு சொல்வதே சரிவராது.


பழைய ரயில்காரர் எழுதியது:

மகளே, டாக்டர் மாதிரி எனக்கு எழுத வராது, அனுபவத்தைச் சொல்கிறேன். மதுரைதான் நமக்கு. 2014இல் ஆபரேஷன், கடைசி ரிப்போர்ட் 3+4, கிரேடு நல்லதுதான், ஆனால் அடிப்பக்க ஓரத்தில் ஓரிடத்தில் புற்று தொட்டுக்கொண்டிருந்தது. நாலு வருடம் பிஎஸ்ஏ ஒன்றுமே காட்டவில்லை. 2018இல் 0.12, மூன்று மாதத்தில் 0.19, அப்புறம் 0.24. ஊரில் கரண்ட் வைக்கிறது என்பார்களே, அந்தக் கதிர்வீச்சு 33 நாள் எடுத்துக்கொண்டேன், சனி ஞாயிறு லீவு. அதற்குப் பிறகு இன்று வரை ஏறவில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். கிரேடு நன்றாக இருந்தும் எனக்கு வந்தது, வந்தும் நான் இங்கே உட்கார்ந்து உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். பிஎஸ்ஏ ஏறியது என்ற அன்று ராத்திரி முழுக்க மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தேன், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்படி இல்லை. என் டாக்டர் பொறுமையாக உட்கார வைத்துச் சொன்னார், ஏறுகிறது என்பது தீ பிடித்தது என்று அர்த்தமில்லை, புகை வாடை வருகிறது, தேடிப் போய்த் தண்ணீர் ஊற்ற நமக்கு நேரம் இருக்கிறது என்று.

லேப் விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். இரண்டாவது வருடத்தில் பக்கத்திலேயே திறந்திருக்கிறார்களே என்று வேறொரு லேபில் கொடுத்தேன், அங்கே 0.09 என்று வந்தது, வீடே அழுதது. என் பழைய லேப் 0.1க்குக் கீழே இருந்தால் எண்ணே போடாது, "0.1க்குக் குறைவு" என்று மட்டும் எழுதும். இவர்கள் நுட்பமான கருவி வைத்திருந்ததால் சின்ன எண்ணையும் போட்டார்கள், அவ்வளவுதான் நடந்தது. கருவிக்குக் கருவி அளவும் வேறுபடுமாம். அதனால் ஒரே லேப், ஒரே நோட்டு, தேதி போட்டு எழுதி வையுங்கள். கணக்கு வாத்தியார்தானே, அவரே எழுதட்டும்.


தேரடி எழுதியது:

எங்கள் மாமாவுக்கு 4+5, விந்துப்பைக்குள் போயிருந்தது, ஓரத்திலும் இருந்தது. ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்தில் பிஎஸ்ஏ 0.4க்குக் கீழே இறங்கவே இல்லை. நின்று பார்க்க ஒன்றுமில்லை என்று உடனே ஹார்மோன் ஊசியும் கதிர்வீச்சும் ஆரம்பித்தார்கள். ஐந்து வருடம் முடியப் போகிறது, ஊசியின் களைப்பு இருக்கிறது, ஆனால் தோட்டத்துக்குப் போய் வருகிறார். உங்கள் அப்பாவின் 0.03 என்பது மிக நல்ல ஆரம்பம் அக்கா. எங்களுக்கு அந்த எண் கிடைக்கவே இல்லை.


காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. டாக்டர் சார், ஹார்மோன் ஊசி எதுவும் போடவில்லை. 34, 43 உதாரணத்தை அப்பாவிடம் சொன்னேன், கொஞ்ச நேரம் ரிப்போர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு "அப்படியென்றால் கூட்டல் குறியே போட்டிருக்கக் கூடாது" என்றார். பிளாக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டோம். ரயில்காரர் ஐயா, நோட்டும் வாங்கியாகிவிட்டது.

இப்போது வேறு குழப்பம். என் சித்தப்பா மகன் சென்னையில் யாரிடமோ கேட்டுவிட்டு, குரூப் 3, உறைக்கு வெளியேயும் போயிருக்கிறது, இப்போதே கரண்ட் வைத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம், ஏறும் வரை காத்திருப்பது முட்டாள்தனம் என்று தினமும் போன் செய்கிறான். அவனும் பாசத்தில்தான் சொல்கிறான். ஆனால் அப்பாவுக்கு இன்னும் சிறுநீர் கசிவு முழுதாக நிற்கவில்லை, ஒரு நாளைக்கு மூன்று பேடு போகிறது. என்ன செய்வது?


வல்லிபுரத்தான் எழுதியது:

தங்கச்சி, நான் யாழ்ப்பாணத்துக்காரன், இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பிரிவில் வேலை செய்கிறேன். உங்கள் சித்தப்பா மகன் சொல்வது பத்து வருடத்துக்கு முன்னால் நாங்களும் நோயாளிகளிடம் சொன்னதுதான், அதனால் அவர்மேல் குறை இல்லை. ஆனால் அதற்குப் பிறகு இந்தக் கேள்விக்கு நேரடியாகவே விடை தேடிப் பார்த்துவிட்டார்கள்.

ராடிகல்ஸ் என்ற பெயரில் ஒரு சோதனை, பிரிட்டன், டென்மார்க், கனடா, அயர்லாந்து நாடுகளில் 2007இலிருந்து 2016 வரை 1396 பேரைச் சேர்த்தார்கள். எல்லோருக்கும் ஆபரேஷன் முடிந்து பிஎஸ்ஏ 0.2 அல்லது அதற்குக் கீழே இருந்தது, எல்லோருக்கும் உங்கள் அப்பா மாதிரி ஏதாவது ஒரு கவலை இருந்தது, உறை தாண்டியது, ஓரத்தில் புற்று, ஸ்கோர் 7 அல்லது அதற்கு மேல், ஆபரேஷனுக்கு முன்பே பிஎஸ்ஏ 10 அல்லது அதற்கு மேல் என்று. பாதிப் பேருக்கு உடனே கதிர்வீச்சு. மீதிப் பேரைக் கவனித்துக்கொண்டே வந்து, பிஎஸ்ஏ 0.1ஐத் தொட்டு ஏறினாலோ தொடர்ந்து மூன்று தடவை கூடினாலோ மட்டும் கொடுத்தார்கள். 2020இல் முடிவு வந்தது. ஐந்து வருடத்தில் நோய் கட்டுக்குள் இருந்தவர்கள் உடனே கொடுத்த பக்கம் 85 சதவீதம், காத்திருந்த பக்கம் 88. காத்திருந்ததால் எதையும் இழக்கவில்லை. அந்தப் பக்கத்தில் அதுவரை கதிர்வீச்சே தேவைப்பட்டது சுமார் மூன்றில் ஒரு பங்கு ஆட்களுக்குத்தான், மற்றவர்கள் அந்தக் கஷ்டமே இல்லாமல் தப்பினார்கள். உடனே வாங்கியவர்களுக்குச் சிறுநீர்க் கசிவு அதிகம். மூன்று பேடு போகிற மனிதருக்கு இப்போதே கதிர்வீச்சு வைத்தால் அந்தக் கசிவு நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காமல் போகலாம், அதையும் உங்கள் சித்தப்பா மகனிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

இங்கேயும் கிரேடு உள்ளே வருகிறது. அந்தச் சோதனையில் குரூப் 4, 5இல் இருந்து விந்துப்பைக்கும் போனவர்கள் குறைவு, அதனால் அப்படிப்பட்டவர்களுக்குக் காத்திருக்கலாம் என்று நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வதில்லை. தேரடி எழுதிய மாமாவின் கதை அந்த வகை, அவருக்கு உடனே ஆரம்பித்தது சரிதான். உங்கள் அப்பா அந்த வகையில் இல்லை.

கிரேடை மட்டும் தனியாகப் பிடித்துக்கொண்டு உட்காராமல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது, கேப்ரா-எஸ் என்று பெயர், சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 2011இல் வெளியிட்டது. கையாலேயே போட்டுவிடலாம். ஆபரேஷனுக்கு முன் பிஎஸ்ஏ 10க்கும் 20க்கும் நடுவில், அதற்கு 2. ஸ்கோர் 4+3, அதற்கு 2. உறை தாண்டியதற்கு 1. ஓரம் சுத்தம், விந்துப்பை சுத்தம், நெறி சுத்தம், மூன்றுக்கும் பூச்சியம். மொத்தம் 12க்கு 5. 0 முதல் 2 வரை குறைவு, 3 முதல் 5 வரை நடுத்தரம், 6இலிருந்து அதிகம். நடுத்தரத்தின் மேல் விளிம்பில் நிற்கிறார். இதே ஆளுக்கு வெட்டிய ஓரத்தில் புற்று இருந்திருந்தால் 2 கூடி 7 ஆகியிருக்கும், அப்போது நான் வேறு மாதிரிக் கதைத்திருப்பேன். 4+3க்குப் பதிலாக 3+4 என்றிருந்தால் 4 ஆகியிருக்கும். எது எவ்வளவு கனம் என்று இதைப் போட்டுப் பார்த்தாலே பிடிபடும். இதில் பிஎஸ்ஏயும் கிரேடும் ஆளுக்கு 3 வரை போகும், மற்ற எதுவும் அவ்வளவு போகாது.

ரயில்காரர் ஐயா சொன்ன புகை உவமையை நான் திருடிக்கொள்கிறேன். அதற்கு ஆதாரமும் இருக்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 1982 முதல் 1997 வரை ஆபரேஷன் செய்த 1997 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். 15 சதவீதம் பேருக்குப் பிஎஸ்ஏ ஏறியது. அவர்களுக்கு வேறிடத்துக்குப் பரவும் வரை ஹார்மோன் எதுவும் கொடுக்காமல் கவனித்தார்கள், ஏறிய நாளிலிருந்து எலும்பிலோ வேறெங்கோ தெரிய நடுவளவாக 8 வருடம் ஆனது. அந்த 8 வருடம் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. ஸ்கோர் 8 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்கும், இரண்டு வருடத்துக்குள்ளேயே ஏறியவர்களுக்கும், பிஎஸ்ஏ சீக்கிரம் சீக்கிரம் இரட்டித்தவர்களுக்கும் குறைவு. அதாவது கிரேடின் வேலை ஆபரேஷன் முடிந்ததும் முடிந்துவிடுவதில்லை, ஒருவேளை ஏறினால் எவ்வளவு அவசரம் என்பதையும் அதுதான் சொல்லும். இன்றைக்கும் ஐரோப்பிய வழிகாட்டுதலில் பிஎஸ்ஏ ஏறியவர்களைப் பிரிக்க இரண்டே கேள்விதான் கேட்கிறார்கள்: இரட்டிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறதா, எடுத்த சுரப்பியில் குரூப் 4க்குக் கீழேயா.

ஏறினால் ஏறட்டும் என்று 0.5, 1 வரை விட்டுவிடாதீர்கள், அது மட்டும் முக்கியம். கதிர்வீச்சு நன்றாக வேலை செய்வது எண் சின்னதாக இருக்கும்போது. முதலில் ஸ்கேனில் தெரியட்டும் என்று காத்திருக்கவும் கூடாது, புரோஸ்டேட் புற்று எங்கே இருக்கிறது என்று தேடும் பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன் நல்ல கருவிதான், ஆனால் 0.2க்குக் கீழே பெரும்பாலும் ஒன்றும் காட்டாது.


பழைய ரயில்காரர் எழுதியது:

தம்பி, உவமை என் டாக்டருடையது, எடுத்துக்கொள்ளுங்கள். மகளே, கசிவுக்கு இடுப்புத்தள தசைப் பயிற்சியை விடாமல் செய்யச் சொல்லுங்கள். எனக்கு ஏழாவது மாதம்தான் பேடு இல்லாமல் வெளியே போக முடிந்தது. அதுவரை கல்யாண வீட்டுக்கே போகாமல் இருந்தேன், இப்போது நினைத்தால் போயிருக்கலாம் என்று தோன்றுகிறது.


காவிரிக்கரை எழுதியது:

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். கேட்டவர்களுக்கு முடிவு தெரிய வேண்டும் என்பதால் முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

பிளாக் கிடைக்கவே மூன்று வாரம் ஆனது. முதலில் பழைய ரிப்போர்ட்டின் நகலைக் கொடுத்து அனுப்பப் பார்த்தார்கள், நான் கவுன்ட்டரை விட்டு நகரவில்லை. இரண்டாவது பார்வையில் 4+3 அப்படியே நின்றது, 4ஆம் அமைப்பு 60 சதவீதம். 5 என்று முதலில் எழுதியது சாய்வாக வெட்டுப்பட்ட 4ஆக இருக்கலாம், தன்னால் 5 என்று சொல்ல முடியவில்லை என்று அந்த டாக்டர் எழுதியிருக்கிறார். ஆனால் சல்லடை அமைப்பு ஓரளவு இருக்கிறதாம், முதல் ரிப்போர்ட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒன்று கழிந்தது, ஒன்று கூடியது.

அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு எங்கள் யூராலஜிஸ்டிடம் போனோம். இந்தத் தடவை கேள்விகளை அப்பாவே எழுதிக்கொண்டு வந்திருந்தார், டாக்டரும் உட்கார்ந்து நிதானமாகப் பேசினார். இப்போது கதிர்வீச்சு வேண்டாம். இரண்டு வருடத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிஎஸ்ஏ, சல்லடை இருப்பதால் ஆறு மாத இடைவெளிக்கு இப்போதைக்கு மாற வேண்டாம் என்றார். 0.1ஐத் தாண்டி மறுபடி எடுத்ததிலும் கூடியிருந்தால் காத்திருக்காமல் கதிர்வீச்சு டாக்டரைப் பார்ப்பது என்று முடிவு, அந்த டாக்டரின் பெயரையும் இப்போதே எழுதிக் கொடுத்திருக்கிறார். சித்தப்பா மகனை வீட்டுக்கு வரவழைத்து 85, 88 இரண்டையும் எழுதிக் காட்டினேன், பேடு பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான், அப்புறம் அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குக் காரில் நானே கூட்டிப்போகிறேன் என்றான்.

போன வாரம் அதே லேபில் எடுத்த பிஎஸ்ஏ 0.03. அப்பா நோட்டில் தேதி போட்டு எழுதிவிட்டுப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வரைபடத்துக்குக் கோடு கிழித்து வைத்திருக்கிறார், இதுவரை இரண்டு புள்ளிகள்தான், இரண்டும் ஒரே உயரத்தில். பேடு ஒன்றாகக் குறைந்திருக்கிறது. ரயில்காரர் ஐயா, வரும் வைகாசியில் என் தம்பிக்குக் கல்யாணம், நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன், பேடோடாவது வருவேன் என்று சொல்லியிருக்கிறார்.